விரிசல் டாக்டர் வீட்டு வாசல்

மற்றவர்கள் வீட்டு விரிசல்களைச் சரிசெய்வது என் தொழில். மாடித் தளம், கார் நிறுத்தும் இடம், நடைபாதை, படிக்கட்டு என்று கான்கிரீட் எங்கே வாயைத் திறந்தாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். என் வண்டியின் பின்பக்கம் ‘விரிசல் டாக்டர்’ என்று கொட்டை எழுத்தில் எழுதியிருக்கும். அந்தப் பட்டத்தை எனக்கு யாரும் கொடுக்கவில்லை. நானே கொடுத்து, நானே வாங்கிக்கொண்டேன்.

இப்பேர்ப்பட்ட டாக்டரின் வீட்டு வாசலில் ஒன்பது வருஷமாக ஒரு விரிசல் இருந்தது. கேட்டின் பக்கம் தொடங்கி, வாசல் தளத்தைக் குறுக்கே கிழித்துக்கொண்டு, செருப்பு ஸ்டாண்டுக்கு அடியில் போய் மறையும். அதன் ஒரு பக்கம் அரை விரல் உயரத்துக்கு இறங்கியும் இருந்தது. வாடிக்கையாளர்கள் யாராவது வீடு தேடி வந்தால் நான் முந்திக்கொண்டு ஓடி அதன்மேல் நின்றுகொள்வேன். ஆனால் நிற்பது ஒருத்தன், விரிசலோ பத்தடி நீளம்.

அதைச் சரிசெய்யாததற்கு என்னிடம் தொழில்முறைக் காரணம் ஒன்று இருந்தது. விரிசலில் இரண்டு வகை. ஒன்று உயிருள்ளது, இன்னும் வளர்ந்துகொண்டிருப்பது. இன்னொன்று செத்தது, வளர்ந்து முடித்து அப்படியே கிடப்பது. உயிருள்ளதை அடைத்தால் பக்கத்திலேயே மறுபடி பிளக்கும். அதனால் முதலில் விரிசல் முடியும் நுனியில் பென்சிலால் ஒரு குறுக்குக்கோடு போட்டு, பக்கத்தில் தேதி எழுத வேண்டும். வெயில் உச்சத்தில் ஒரு தடவை, மழைக்காலம் முடிந்ததும் ஒரு தடவை வந்து பார்க்க வேண்டும். நுனி கோட்டைத் தாண்டியிருந்தால் உயிரோடு இருக்கிறது. தாண்டாவிட்டால் செத்துவிட்டது, இனி வைத்தியம் பார்க்கலாம். “முதல் நாளே கரணையை எடுக்கறவன் கொத்தனார், பென்சில எடுக்கறவன்தான் டாக்டர்” என்று வீடு வீடாகச் சொல்லி வருகிறேன். அதைச் சொல்லும்போது கண்ணாடியைக் கழற்றித் துடைப்பேன். அதற்கென்றே கண்ணாடி போட்டுக்கொள்கிறேனோ என்றுகூட எனக்குச் சந்தேகம் உண்டு.

என் வீட்டு விரிசலுக்கும் முதல் குறி நான்தான் போட்டேன். யாரும் மிதித்து அழித்துவிடக் கூடாதென்று செருப்பு ஸ்டாண்டை இழுத்து அதன்மேல் வைத்தவனும் நானே. அதன்பிறகு அந்த ஸ்டாண்டை நான் நகர்த்தவே இல்லை.

“என்னங்க, வாசல்ல அந்த விரிசல்...” என்று என் மனைவி ஆரம்பிப்பாள்.

“அது இன்னும் உயிரோட இருக்கும்மா. அசையறது நிக்கட்டும்.”

“எப்ப நிக்கும்?”

“அத விரிசல்தான் சொல்லணும்.”

நாலு வருஷத்துக்கு முன்னால் ஒருநாள் சாப்பிடும்போது, “அது நின்னுபோன மாதிரி இருக்குங்க” என்றாள். நான் சிரித்தேன். “சும்மா பாத்தா தெரியாதும்மா. அதுக்கெல்லாம் ஒரு அளவு இருக்கு” என்றேன். அவள் மேலே ஒன்றும் சொல்லாமல் என் தட்டில் இன்னொரு கரண்டி சோறு போட்டாள். நான் வாதத்தில் ஜெயித்துவிட்டதாக நினைத்து நன்றாகச் சாப்பிட்டேன்.

அதற்குக் கொஞ்சம் முன்னால் வேறொரு சண்டையும் நடந்தது. மாடியிலிருந்து மழைத்தண்ணீர் இறங்கும் குழாய் வாசல் தளத்தின் ஓரத்தில்தான் கொட்டும். நான் வேலைக்குப் போயிருந்த நேரத்தில் அவள் ஒரு பிளம்பரைக் கூப்பிட்டு, குழாயைத் திருப்பித் தெருச் சாக்கடைப் பக்கம் விட்டுவிட்டாள். நான் வந்து குதித்தேன். “இதெல்லாம் தண்டச்செலவு. வீட்டுல ஒரு டாக்டர் இருக்கும்போது யாரக் கேட்டு இதப் பண்ணின?” என்று கத்தினேன். அதற்கும் அவள் ஒன்றும் சொல்லவில்லை. அவள் பேசாமல் இருந்த ஒவ்வொரு தடவையும் நான் ஜெயித்ததாகவே கணக்கு வைத்திருந்தேன்.

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, ஈரத்துணிக் கூடையைத் தூக்கிக்கொண்டு வாசலைக் கடந்தவளுக்கு அந்த அரை விரல் மேட்டில் கால் தடுக்கியது. விழுந்த வேகத்தில் வலது மணிக்கட்டை ஊன்றிவிட்டாள். நான் உள்ளே உட்கார்ந்து ஒரு வாடிக்கையாளருக்குப் போனில், “வயசானவங்க நடக்கற இடம், அலட்சியமா விடாதீங்க சார்” என்று சொல்லிக்கொண்டிருந்தேன். இதை நான் கற்பனையாகச் சேர்க்கவில்லை. அந்த நேரத்தில் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

எலும்பு டாக்டர் மாவுக்கட்டுப் போட்டுக்கொண்டே எங்கே விழுந்தீர்கள் என்று கேட்டார்.

“வீட்டு வாசல்ல, டாக்டர். தரையில ஒரு விரிசல்.”

“ஆள் வெச்சு சரி பண்ணிடலாமே? இப்பல்லாம் அதுக்குன்னே ஆளுங்க இருக்காங்களே.”

என் மனைவி என்னை ஒரு பார்வை பார்த்தாள். “நல்ல ஆளாக் கிடைக்கல டாக்டர்” என்றாள்.

அன்று சாயங்காலமே இரண்டு பைகளில் துணிமணியை எடுத்துக்கொண்டு, ஊரின் மறுகோடியில் இருக்கும் அவள் அக்கா வீட்டுக்குக் கிளம்பினாள். சண்டை போடவில்லை, அழவும் இல்லை. அழுதிருந்தால் எனக்குச் சமாதானப்படுத்தத் தெரியும்.

“நிம்மதியா நடக்கற மாதிரி வாசல் ஆனதும் சொல்லுங்க, வரேன்.”

“ஆகலன்னா?”

“அக்கா வீட்டுத் தரை நல்லாத்தான் இருக்கு” என்று சொல்லிவிட்டு ஆட்டோவில் ஏறினாள்.

முப்பது வருஷத்தில் அவள் இல்லாமல் அந்த வீட்டில் நான் மூன்று நாளுக்கு மேல் இருந்ததில்லை. அவள் திரும்பி வராமலே போய்விடுவாளோ என்று நிஜமாகவே பயந்தேன். பயத்தில் மனுஷன் நிதானமாக யோசிப்பான் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அடுத்த நாள் காலையில் சகலையிடமிருந்து போன் வேறு வந்தது. அக்கா புருஷன், ஓய்வுபெற்ற குமாஸ்தா, கரணையை எந்தப் பக்கம் பிடிப்பதென்று தெரியாதவர்.

“என்ன சகலை, வாசல் வேலை ஆரம்பிச்சாச்சா? எங்க வீட்டு விரிசலுக்கு நானே கடையில ஒரு பசை டியூப் வாங்கி அடிச்சேன். ஆறு வருஷமா கம்முனு இருக்கு. வேணும்னா வந்து ஒரு கை குடுக்கட்டுமா?”

அந்த நிமிஷமே சிமெண்ட் மூட்டையைப் பிரித்தேன்.

இங்கே ஒரு விஷயத்தை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். எங்கள் வாசல் தளம் வீட்டு நிலைப்படியைத் தொடும் இடத்தில் அரை அங்குல இடைவெளி ஒன்று உண்டு. அது விரிசல் இல்லை. தளம் போட்டவர்கள் வேண்டுமென்றே விட்ட ஜாயிண்ட். வெயிலில் கான்கிரீட் விரியும், அப்போது அது நகர்ந்துகொள்ள இடம் வேண்டும். அந்த இடைவெளியில் நுரைக்கயிறு ஒன்றைத் திணித்து, மேலே ரப்பர் மாதிரி அமுங்கிக் கொடுக்கும் சீலண்டை விட வேண்டும். சிமெண்ட்டால் அடைப்பது, தூங்குகிறவன் மூக்கைப் பொத்துவது மாதிரி. இதைத் தெரியாதவன் இந்தத் தொழிலில் ஒரு நாள்கூட நிற்க முடியாது.

நான் சிமெண்ட்டால் அடைத்தேன்.

எனக்கு வேண்டியதெல்லாம் அவள் கண்ணுக்கு ஒரு கோடுகூடத் தெரியக் கூடாது என்பதுதான். விரிசல், ஜாயிண்ட் எல்லாவற்றையும் ஒரே பூச்சாகப் பூசி, கண்ணாடி போல இழைத்தேன். செருப்பு ஸ்டாண்ட் வரைக்கும் வந்ததும் நிறுத்திக்கொண்டேன். அதற்கு அடியில் யார் குனிந்து பார்க்கப் போகிறார்கள்? வானம் மூன்று நாளாக மூட்டமாக இருந்தது. குளிர்ச்சியில் கான்கிரீட் சுருங்கி ஜாயிண்ட் வாயை அகலமாகத் திறந்து காட்டிய நேரம் பார்த்து அதன் வாய் நிறைய சிமெண்ட்டைத் திணித்திருக்கிறேன். என்னிடம் வேலை பார்க்கும் ஆள் யாராவது இதைச் செய்திருந்தால் அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பியிருப்பேன்.

நாலு பக்கமும் நின்று போட்டோ எடுத்து மனைவிக்கு அனுப்பினேன். ‘எப்படி?’ என்று கீழே எழுதினேன். ஒரு மணி நேரம் கழித்து பதில் வந்தது. ‘ம்.’

அந்த ஒற்றை எழுத்தைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு இரண்டு நாள் சந்தோஷமாகத் திரிந்தேன்.

மூன்றாம் நாள் மேகம் விலகி வெயில் கொளுத்தியது. மத்தியானம் சாப்பிட்டுவிட்டுச் சற்றுக் கண்ணயர்ந்தேன். வாசலில் பட்டென்று ஒரு சத்தம். யாரோ பலகையைப் போட்டு உடைத்தது போல் இருந்தது. ஓடிப்போய்க் கதவை இழுத்தேன். வரவில்லை. தாழ்ப்பாள் திறந்துதான் இருந்தது, கதவுதான் அசையவில்லை. குனிந்து பார்த்தால் நிலைப்படிக் கல் கூடாரம் மாதிரி எழும்பி நிற்கிறது. கதவின் அடிப்பக்கம் அதில் மாட்டிக்கொண்டிருக்கிறது. விரிவதற்கு இடமில்லாத தளம் என் வீட்டையே தள்ளியிருக்கிறது.

சமையலறைப் பின்கதவு வழியாக வெளியே வந்து, பக்கத்துச் சந்து வழியாகச் சுற்றிக்கொண்டு பனியனோடு வாசலுக்கு ஓடினேன். கேட் அருகே குடையோடு ஒரு அம்மாள் நின்றுகொண்டிருந்தார். பார்த்தால் பள்ளிக்கூட டீச்சர் மாதிரி இருந்தார்.

“இங்க விரிசல் டாக்டர் வீடு...?”

நான் நிலைப்படியைப் பார்த்தேன். ஜாயிண்ட் நெடுக சிமெண்ட் தெறித்துச் சிதறிக் கிடந்தது. தளத்தின் ஓரமும் ஒரு கை அகலத்துக்குப் பெயர்ந்திருந்தது.

“அவர் வெளியூர் போயிருக்காருங்க” என்றேன்.

“நீங்க?”

“நான் இங்க வேலை பாக்கறவன்.”

அந்த அம்மாள் கண்ணாடியை இறக்கிவிட்டு வாசலைப் பார்த்தார், என்னையும் பார்த்தார். “அவர் வந்ததும் முதல்ல இதக் கவனிக்கச் சொல்லுங்க. எங்க மாடி அப்பறம் பாத்துக்கலாம்” என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

நான் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அசடு வழிவதற்கும் ஓர் அளவு உண்டு. என் மனைவி இப்போது வந்தால் கதவைக்கூடத் திறந்துவிட முடியாது என்ற நினைப்பு வந்ததும் இருந்த அசட்டுச் சிரிப்பும் போய்விட்டது. வாசல் சரியானால் வருகிறேன் என்றாள், நானோ வாசலையே இல்லாமல் செய்துவிட்டேன்.

சாயங்காலம் வெயில் தாழ்ந்ததும் உளியும் சுத்தியலும் எடுத்தேன். எழும்பிய கல்லைப் பெயர்த்தேன். ஜாயிண்ட்டில் இருந்த சிமெண்ட்டை அடிவரைக்கும் சுரண்டி எடுத்தேன். அடுத்த நாள் காலையில் விரிசலில் பூசியதையும் கொத்தினேன். பூச்சு பட்டை பட்டையாக உரிந்து வந்தது. கொத்திக்கொண்டே போய் செருப்பு ஸ்டாண்ட்டில் முட்டினேன். இந்தத் தடவை ஒழுங்காகச் செய்வது என்று வைராக்கியமாக இருந்ததால் ஸ்டாண்டைப் பிடித்து நகர்த்தினேன்.

முதலில் கண்ணில் பட்டது என் கோடு. தடித்த பென்சிலில், ஒரு கையெழுத்துப் போடுகிற தோரணையில், ஒன்பது வருஷத்துக்கு முந்தின தேதியோடு.

அதைத் தாண்டி இரண்டு விரல் தள்ளி இன்னொரு கோடு. மெல்லிய கோடு, பக்கத்தில் சின்ன எழுத்தில் தேதி. அது என் எழுத்து இல்லை. பால் கணக்கு நோட்டிலும் மருந்து டப்பாக்களிலும் நான் தினமும் பார்க்கிற எழுத்து. அதற்கப்பால் இன்னொன்று. பிறகு இன்னொன்று. ஒவ்வொரு வருஷமும் இரண்டு கோடுகள். வெயில் உச்சத்தில் ஒன்று, மழைக்காலம் முடிந்ததும் ஒன்று. ஒரு தடவைகூட விட்டுப்போகவில்லை. ஸ்டாண்டை நகர்த்தி, குனிந்து, நுனியைத் தேடி, கோடு போட்டு, மறுபடி ஸ்டாண்டை அதே இடத்தில் வைத்திருக்கிறாள்.

எண்ணினேன். என்னுடையதையும் சேர்த்துப் பதினெட்டு தேதிகள். முதல் பத்து கோடுகள் ஒன்றையடுத்து ஒன்று முன்னேறிப் போயின. அதற்குப் பிறகு கோடு இல்லை, தேதிகள் மட்டும். விரிசல் பத்தாவது கோட்டிலேயே நின்றுவிட்டது. புதுக் கோடு போட இடமில்லாததால் அதே கோட்டின்மேல் திரும்ப இழுத்து, தேதியை மட்டும் ஒன்றின் கீழ் ஒன்றாக எழுதியிருக்கிறாள். எட்டு தேதிகள். நாலு வருஷம்.

பத்தாவது கோட்டின் தேதியைப் பார்த்ததும் இன்னொன்றும் புரிந்தது. பிளம்பரை வைத்துக் குழாயைத் திருப்பின வருஷம் அது. கொட்டின தண்ணீர்தான் தளத்துக்கு அடியில் மண்ணை அரித்திருக்கிறது. தண்ணீர் நின்றது, மண் நின்றது, விரிசலும் நின்றது. நோயைக் குணப்படுத்தியது அவள். கத்தினது நான்.

‘நின்னுபோன மாதிரி இருக்குங்க’ என்று அவள் சொன்னது ஞாபகம் வந்தது. நான் அளவு இருக்கிறது என்றேனே, அந்த அளவைக் கையில் வைத்துக்கொண்டுதான் அவள் சொல்லியிருக்கிறாள். வைத்தியம் பார்க்க வேண்டிய நாள் வந்து நாலு வருஷம் ஆகியிருந்தது. அந்த நாலு வருஷத்தில் என்றைக்கு வேண்டுமானாலும் ஒரே காலைப்பொழுதில் முடிந்திருக்கும். அவள் கை உடைந்திருக்காது. எனக்கு அழுகை வந்தது. வயசான ஆள் செருப்புகளுக்கு நடுவில் உட்கார்ந்து அழுவது பார்க்கச் சகிக்காது. நல்லவேளை, யாரும் பார்க்கவில்லை.

பிறகு ஐந்து நாள் வேலை செய்தேன். கான்கிரீட் தேய்க்கும் கிரைண்டரால் மேட்டைத் தேய்த்துச் சமமாக்கினேன். விரிசலைக் கொஞ்சம் அகலமாக்கி, கம்பி பிரஷ்ஷால் தூசி போகத் தேய்த்து, காயவிட்டு, எபாக்சிப் பசையை நுனிவரை மெதுவாக விட்டேன். நிலைப்படிக் கல்லை மாற்றினேன். ஜாயிண்ட்டில் நுரைக்கயிறு வைத்து, சீலண்டை ஒரே சீராக இழுத்தேன். கோடு பளிச்சென்று தெரிந்தது. தெரியட்டும் என்று விட்டுவிட்டேன். பென்சில் குறிகளை மட்டும் தொடவில்லை.

இந்த முறை போட்டோ அனுப்பவில்லை. நேரே அக்கா வீட்டுக்குப் போனேன். சகலை கதவைத் திறந்து, “வாங்க டாக்டர்!” என்றார். தலையை ஆட்டிவிட்டு உள்ளே போனேன். என் மனைவி கட்டிலில் உட்கார்ந்து இடது கையால் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

“செருப்பு ஸ்டாண்ட நகத்தினேன்” என்றேன்.

மடிப்பு பாதியில் நின்றது. “முதல் தடவையா?”

“முதல் தடவை.”

அவள் ஒன்றும் பேசவில்லை. இந்தத் தடவை நான் ஜெயித்ததாக நினைக்கவில்லை.

“நாலு வருஷமா நின்னுபோயிருக்கு” என்றேன்.

“தெரியும்.”

“ஏன் சொல்லல?”

“சொன்னேன்.”

“தப்பு என்னுது. உன் கை உடைஞ்சதுக்கு நான்தான் காரணம்” என்றேன். பக்கத்தில் நின்றிருந்த சகலை ஏதோ வேலை இருப்பவர் போலச் சட்டென்று மாடிக்குப் போனார். நல்ல மனுஷர்தான். என் மனைவி அந்தச் சட்டையை மடித்து முடித்தாள். பிறகு, “வாங்க, பாக்கலாம்” என்று எழுந்தாள்.

எங்கள் வீட்டு வாசலில் வந்து இறங்கியதும் செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு விரிசல் நெடுக நடந்தாள். பாதத்தால் தடவித் தடவிப் பார்த்தாள். ஜாயிண்ட் அருகே குனிந்து கட்டைவிரலால் அழுத்தினாள். அமுங்கி, பழையபடி எழும்பியது.

“போட்டோல சிமெண்ட் இருந்துச்சே?”

“வெடிச்சிடுச்சு.”

“வெடிக்கும்னு அப்பவே தெரியும்.”

“அப்ப ஏம்மா வெறும் ‘ம்’னு மட்டும் போட்ட?”

“ஜாயிண்ட்ட சிமெண்ட்டால அடைக்காதீங்கன்னு எத்தன பேருக்குப் போன்ல சொல்லியிருப்பீங்க? பக்கத்துல உக்காந்து கேட்டவளுக்கே மனப்பாடம் ஆயிடுச்சு. சொன்னவருக்கு ஞாபகம் வருதான்னு பாத்தேன்.”

பிறகு ஸ்டாண்டை நகர்த்தச் சொன்னாள். நகர்த்தினேன். கையை நீட்டினாள். என் சட்டைப்பையிலிருந்த பென்சிலைக் கொடுத்தேன். இடது கையால், நுனியில் ஒரு கோடு இழுத்தாள். கோணலாக வந்தது. கீழே தேதியை எழுத ரொம்ப நேரம் ஆனது. நான் எழுதட்டுமா என்று கேட்க வாயெடுத்தேன், ஆனால் மூடிக்கொண்டேன்.

வண்டியிலிருந்து பையை எடுக்கப் போனேன். பின் இருக்கையில் ஒரு பைதான் இருந்தது.

“இன்னொண்ணு?”

“அக்கா வீட்டுலதான் இருக்கு.”

“எப்ப போய் எடுத்துட்டு வரலாம்?”

“என்ன அவசரம்? வெயில்ல ஒரு தடவ, மழை முடிஞ்சு ஒரு தடவ. எப்படி இருக்குன்னு பாத்துட்டு முடிவு பண்ணிக்கலாம்.”

“இல்லம்மா, இனிமே அந்த விரிசல் அசையாது. நான் கேரண்டி.”

“விரிசலப் பத்தி யாருங்க பேசினா? அது நின்னு நாலு வருஷம் ஆச்சு” என்று சொல்லிவிட்டு நிலைப்படியைத் தாண்டி உள்ளே போனாள்.

நான் அந்த ஒரு பையைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே போனேன். பென்சிலை அவள் திருப்பித் தரவில்லை.